அடியில் தங்குவது

கோயம்புத்தூரில் கடல் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே, மேற்குமலைக் காற்று வந்து மோதும் ஊரில், வரவேற்பறை மூலையில் கண்ணாடிக்குள் ஒரு 200 லிட்டர். உப்பு டப்பாவில் வருகிறது. தண்ணீர் ஆர்.ஓ. எந்திரத்திலிருந்து. லிட்டருக்கு 35 கிராம் வீதம் போட்டு, ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டும்வரை கலக்கினால் கடல் தயார். கடலைச் செய்வது அரைநாள் வேலைதான். அதற்குள் சேர்கிறதை வெளியேற்றுவது அந்தத் தொட்டி இருக்கிறவரைக்கும் வேலை.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மீனைப் பார்ப்பார்கள், பிறகு வாளியையும் ஹோஸையும் பார்ப்பார்கள். "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதுங்களே, அப்பறம் எதுக்குங்க வாராவாரம் மாத்தறீங்க?" என்பார்கள். நியாயமான கேள்வி. குளத்தையும் கிணற்றையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்குக் கலங்கினால்தான் அழுக்கு, தெளிந்தால் சுத்தம். கடல்தொட்டி இந்தக் கண்ணை நம்பாதே என்கிறது. கலங்கல் என்பது இன்னும் கரையாத அழுக்கு. அதைப் பஞ்சு வைத்துப் பிடித்துவிடலாம். கரைந்த பிறகு அது தெளிவாகிவிடும், ஆபத்தானது அப்போதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலர்ந்த மீன்தீனி ஒரு கிராமில் பாதி புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆக, 80 மில்லிகிராம் நைட்ரஜன். மீன் வளர எடுத்துக்கொள்ளும் பங்கு சிறிதுதான். மற்றது செவுளிலிருந்து அம்மோனியாவாகவும், எச்சமாகவும், தின்னாமல் விட்ட துணுக்காகவும் தண்ணீரில் சேரும். எல்லாமே கடைசியில் நைட்ரேட் ஆனால் 350 மில்லிகிராம் ஆகும். 200 லிட்டரில் அது லிட்டருக்கு 1.75. தினம் ஒரு கிராம் தீனி என்றால் மாதத்துக்கு 50. பவளப்பாறைக் கடலில் இயல்பாக இருப்பது ஒன்றுக்கும் கீழே. சரி, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறோமே? அப்படி மாற்றினாலும், வாரம் சேர்கிறதும் வாரம் எடுக்கிறதும் சமமாகும் இடம் 120க்கு மேலே. அதுவரை ஏறி, அங்கேதான் நிற்கும். வாளி தூக்கித் தூக்கித் தோள் வலிக்கிறவர்களுக்குச் சொல்லக் கஷ்டமான கணக்கு இது. பாறைக்குள்ளும் மணலுக்குள்ளும் நடக்கும் வேறு வேலைகளால்தான் நிஜத் தொட்டிகள் இதைவிடக் கீழே நிற்கின்றன.

அந்த வேலைகளை முதலில் கண்டுபிடித்தது மீன் வளர்த்தவர்கள் இல்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள். 1890 வாக்கில் ஜூரிக்கில் இருந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி, அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாகவும் மாற்றுகிறவை இரண்டு வெவ்வேறு நுண்ணுயிர்க் கூட்டங்கள் என்று நிறுவினார். அதே இரண்டு வேலைகள்தான் தொட்டியிலும் நடக்கின்றன. புதுத் தொட்டியில் நாலைந்து வாரம் மீன் விடாமல் காத்திருப்பது இவை குடியேறத்தான். அவசரப்பட்டவர்களின் முதல் மீன் செத்துப்போவதற்குக் காரணமும் இதுதான். மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு: காற்றுப் புகாத இடுக்கில் இருந்துகொண்டு நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை உருவிக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியே விடுகிறவை. இந்த மூன்று கூட்டங்களின் வேலையில் தொட்டியிலிருந்து உண்மையாகவே ஒன்று வெளியேறுகிறது என்றால் இந்த வழியில்தான். மற்றவை எல்லாம் உருமாற்றம்.

ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் இதை அறிவியலாகச் சொல்லவில்லை, செய்து காட்டினார். கடலிலிருந்து உயிரோட்டமுள்ள பாறைகளை எடுத்துத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழி மட்டும் விட்டு, வடிகட்டி எதுவும் இல்லாமல் பவளம் வளர்த்தார். 1961இல் ஓர் அமெரிக்க மீன் இதழில் அதை எழுதினார். அப்போது பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மானியர்கள் அதோடு நுரை எடுக்கும் கருவியைச் சேர்த்து 'பெர்லின் முறை' என்று பெயர் வைத்தபோது உலகம் முழுக்கப் பரவியது.

அந்தப் பாறை நமக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. கல்பவளங்கள், கடல்விசிறிகள், கடல் அட்டைகள் எல்லாம் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதுதான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா ஆக்கியதற்கு முன்னும் பின்னும் தூத்துக்குடிப் பக்கம் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனவர்கள் உண்டு. தொட்டிக்காரர்கள் எடுத்தது அதோடு ஒப்பிட்டால் தூசு. ஆனாலும் சட்டம் சட்டம்தான். இங்கே ஒழுங்காகத் தொட்டி வைப்பவர்கள் உலர்ந்த கல்லிலோ, சுட்ட பீங்கான் கட்டியிலோ தொடங்கி, நுண்ணுயிர் தானாக ஊறுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். மீனும் அப்படியே. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். குஞ்சகத்து மீன் கிடைக்கும்போது கடலில் பிடித்ததை வாங்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தால் தொட்டிக்கு உண்மையில் இழப்பு என்றால் கடல் அட்டைதான். அடியில் தங்கும் கசடைத் தீர்க்க அதைவிடச் சிறந்த ஆள் இல்லை. மணலை ஒரு முனையில் விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் அழுகலைச் செரித்து, சுத்தமான மணலை மறுமுனையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். 1988இல் தூத்துக்குடியில் இதே ஆராய்ச்சி நிலையத்தார்தான் அதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யவும் வைத்தார்கள். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் பூநகரியிலும், பண்ணை வைத்து வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். அங்கேயும் மீனவர்களிடையே அதுபற்றிச் சண்டை ஓயவில்லை. இந்தப் பக்கம் கையில் வைத்திருந்தால் வழக்கு. ஒரே கடல், ஒரே அட்டை. நமக்கு மிஞ்சுவது துறவி நண்டும் சில நத்தைகளும். அவை கசடைத் தின்னும் என்பது உண்மை. தின்று கசடாகவே போடும் என்பதும் உண்மை. விற்கிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை.

கடல் மட்டும் இதை எப்படிச் சமாளிக்கிறது? அதற்கு ஆழம் இருக்கிறது. மேலே செத்ததும் கழிந்ததும் துகள் துகளாக, நாள்கணக்கில், வாரக்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சம் எட்டாத இடத்தில் அது உரமாகக் கரைந்து கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கேரளக் கரையோரம் அந்த அடித்தண்ணீர் மேலே புரண்டு வரும். பாசி பெருகும், பாசியைத் தின்ன மத்தி வரும். அது ஐஸ் பெட்டியில் ஏறிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு வந்து சேரும். மழைக்காலத்தில் வாழையிலைத் துண்டில் கட்டி வாங்கிப்போகும் மத்தி என்பது கடலின் கழிவு, திரும்பிச் சாப்பாட்டுக்கு வந்த வடிவம். தொட்டியில் இரண்டடி ஆழம். அங்கே இறங்குகிறதைப் புரட்டி எடுத்துத் தின்ன யாரும் இல்லை.

அதனால் இறங்கவே விடக்கூடாது என்று ஒரு கட்சி. அலைமோட்டார்களை எதிரெதிராக வைத்து, தேங்கும் மூலையே இல்லாமல் தண்ணீரைச் சுழற்றி, துகளை மேலேயே மிதக்கவிட்டு வடிகட்டிக்குத் தள்ளுவது. பாறைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைத் தள்ள, மேல்நாட்டில் வான்கோழி வறுவலுக்கு எண்ணெய் பீய்ச்சும் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு மாட்டுக்கு மருந்து புகட்டும் பெரிய சிரிஞ்ச் போதும். கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும், அதைவிட நன்றாகவே அடிக்கும். இன்னொரு வேடிக்கை: இந்தியாவுக்கே பம்ப் செய்து அனுப்பும் ஊர் இது. கிணற்று மோட்டாரும் போர்வெல் மோட்டாரும் பீளமேட்டிலும் கணபதியிலும் பட்டறை பட்டறையாகச் செய்கிறார்கள். உள்ளங்கை அளவு அலைமோட்டார் மட்டும் சீனாவிலிருந்து வருகிறது.

மோட்டார் ஓடக் கரண்ட் வேண்டும். 2012 வாக்கில் நாளில் பாதிநேரம் மின்சாரம் இல்லாமல் கோவை கிடந்ததே, அப்போது பட்டறைகள் பட்ட பாட்டை எல்லோரும் பேசினார்கள். கடல்தொட்டிகள் பட்ட பாட்டைப் பேச ஆளில்லை, பேசவேண்டிய அளவு பெரிய துயரமும் அல்ல. ஆனால் அதில் ஒரு பாடம் இருந்தது. ஓட்டம் நின்ற தொட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சாகவில்லை. அடியில் கசடு குவிந்திருந்தவை முதலில் போயின. அழுகலைத் தின்னும் நுண்ணுயிரும் மூச்சு விடுகிறது. காற்று கலக்காத தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை மீனுக்கு முன்னால் அது எடுத்துக்கொள்கிறது. கரண்ட் இருக்கிறவரைக்கும் அந்தக் கசடு யாருக்கும் தொந்தரவாகத் தெரிந்திருக்காது.

நுரைக்கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கிம்மர் என்றே எல்லோரும் சொல்கிறோம். உப்புத்தண்ணீரில் குமிழிகள் பொடிப்பொடியாகவே நிற்கும். கரைந்த கரிமப் பொருள்களில் சில, ஒரு முனையால் நீரையும் மறுமுனையால் காற்றையும் விரும்புகிறவை, அந்தக் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். கிண்ணத்தில் பழுப்பாக, தாங்கமுடியாத நாற்றத்தோடு ஒரு கஷாயம் சேரும். நைட்ரேட் ஆவதற்கு முன்பே அழுக்கை வெளியே எடுக்கிற கருவி என்பதால் தொட்டிக்காரனுக்கு அந்த நாற்றம் மகிழ்ச்சி. இதே இயற்பியல்தான் மழைக்காலத்தில் நொய்யல் ஆற்றில் தடுப்பணை தாண்டி விழும் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கவும் வைக்கிறது: சோப்பும் சாக்கடையும் கலந்த தண்ணீர், உயரத்திலிருந்து விழுகிற வேகத்தில் புகும் காற்று. ஆறு தன்னால் முடிந்தவரை அழுக்கைப் பிரித்து மேலே தூக்கித் தருகிறது. எடுக்க அங்கே கிண்ணம் இல்லாததால் அடுத்த வளைவில் அது மறுபடி ஆற்றிலேயே கரைகிறது.

தொட்டி உலகில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. மணல் போடாதே, போட்டால் அழுக்கு சேரும், வெறும் கண்ணாடித் தளத்தைத் துடைத்துக்கொண்டிரு என்பார்கள் சிலர். நாலைந்து அங்குலம் மணல் போடு, கிளறாமல் விடு, அடியில் இருக்கும் உயிர்கள் பார்த்துக்கொள்ளும் என்பார்கள் சிலர். முதல் கட்சியின் தொட்டி ஆஸ்பத்திரி அறை மாதிரி இருக்கும். இரண்டாவது கட்சியின் தொட்டி அழகாக இருந்து, சில வருடம் கழித்து ஒருநாள் கையை விட்டால் அழுகிய முட்டை வாசம் வரும். இரு பக்கமும் அடியில் தங்குவதை எதிரி என்றோ நண்பன் என்றோ முடிவுசெய்துவிட்டுப் பேசுகின்றன. கொங்கு நாட்டுக்காரனுக்கு இந்தச் சண்டையில் கட்சி சேர்வது கடினம், ஏனென்றால் அவனுடைய ஊர்க்குளங்கள் அடியில் தங்குவதற்காகவே வெட்டப்பட்டவை போல இருந்தவை.

வெள்ளிங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலைச் சித்திரைச்சாவடியில் தொடங்கி அணைக்கட்டு அணைக்கட்டாகத் தடுத்து, வாய்க்கால் வெட்டி, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் என்று ஒன்றுக்கொன்று கோத்திருக்கிறார்கள். மலையிலிருந்து வரும் மண்ணும் சருகும் அவற்றில் வண்டலாகப் படியும். கோடையில் குளம் வற்றியதும் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அடித்துக் காட்டில் கொட்டுவார்கள். பேரூர்ப் பக்கத்து அப்பாரு ஒருவர் சொன்னார்: "கொளத்த ஆருங்க தூர் வாருனாங்க? வண்டல் வேணும்னு நாங்க போனோம், கொளம் தானா ஆழமாச்சு." தூர்வாருவது ஒரு தனி வேலையாக, செலவாக, திட்டமாக இல்லாத காலம். எடுக்கிறவனுக்கு ஒரு வயிறு இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

பிறகு யூரியா வந்தது, குளத்துக்குக் கீழே இருந்த வயல்கள் வீட்டுமனை ஆயின, வாய்க்காலில் சாக்கடை சேர்ந்தது. வண்டலைக் கேட்டு வருகிறவன் நின்றான். வண்டல் வருவது நிற்கவில்லை. 2013 கோடையில் பெரியகுளம் வற்றியபோது நகரத்து ஆட்கள் மண்வெட்டியோடு திரண்டு தூர்வாரியதைப் பார்த்தவர்கள் இன்றும் நெகிழ்ச்சியோடு பேசுவார்கள். எனக்கும் அதில் மதிப்பு உண்டு. ஆனால் கடல்தொட்டி வைத்திருப்பவனின் புத்தி வேறு கணக்குப் போடுகிறது: ஒருமுறை சுத்தம் செய்வதை எல்லாத் தொட்டிக்காரர்களும் ஆர்வமாகச் செய்வோம், அதற்குப் படமும் எடுத்து வைப்போம். தினமும் வருவதற்கு என்ன வழி? ஏரி, குள வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்று 2017இல் தமிழக அரசு அனுமதி கொடுத்தது, நல்ல யோசனை. ஊர்ப்புறத்துக் குளங்களில் அது வேலை செய்யும். நகரச் சாக்கடை இறங்கிய குளத்து வண்டலைத் தோட்டத்தில் கொட்டத் தைரியம் வேண்டும்.

வண்டலாவது கையால் அள்ளக்கூடியது. உப்பை அப்படி அள்ள முடியாது. தொட்டியில் தினமும் ஒன்றிரண்டு லிட்டர் ஆவியாகிப் போகும். பாலக்காட்டுக் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் இன்னும் அதிகம். போவது வெறும் தண்ணீர். உப்பு அப்படியே நிற்கும். புதிதாய் வைப்பவர்கள் குறைந்ததை உப்புத்தண்ணீரால் நிரப்பி, தொட்டியைச் சாக்கடலாக்குவது உண்டு. இதே பாடத்தை நொய்யல் பெரிய அளவில் கற்றது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பு கொட்ட வேண்டும். உப்பு சாயத்தை நூலை நோக்கித் தள்ளும். அழுத்தமான நிறத்துக்கு அதிக உப்பு. அதில் ஒரு துளிகூடத் துணியில் போவதில்லை. கொட்டியது முழுவதும் கழிவுநீரில் வெளியே வரும். திருப்பூர்ப் பட்டறைகளிலிருந்து வந்த அந்த உப்பு, 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள், பாசன அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று கேட்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் வேறு எங்கும் அப்படி ஒரு கோரிக்கையை நான் கேள்விப்பட்டதில்லை. ஆயக்கட்டுக்காரர்களின் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச்சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

இன்று திருப்பூரில் இருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நுண்ணுயிர் வைத்து அழுகலைத் தீர்த்து, ஆர்.ஓ.வில் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி, உப்பைத் திரும்பச் சாயத்துக்கே அனுப்புகின்றன. பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. அப்படியும் கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு ஒன்று மிஞ்சும். அது மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. ஆற்றிலிருந்து எடுத்தாயிற்று, எங்கே போவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

சாயப்பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒருமுறை என் தொட்டிக்குக் கீழே இருக்கும் அறையைத் திறந்து பார்த்தார். வடிகட்டி உறை, நுரைக்கருவி, பயோ பால்கள், ஆர்.ஓ. மெம்பரேன். "இது நம்ம பட்டறையேதானுங்களே," என்று சிரித்தார். பிறகு தொழில்காரர் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "ரிஜெக்ட் எங்கீங்க போகுது?"

ஆர்.ஓ. கழிவுத்தண்ணீரில் பாத்திரம் கழுவுகிறோம், வாசல் தெளிக்கிறோம் என்றேன். தொட்டியிலிருந்து எடுக்கிற தண்ணீர்? தென்னை கொஞ்சம் தாங்கும், கொங்கில் கன்று நடும் குழியில் உப்புப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு தென்னை, வாராவாரம் 20 லிட்டர் அதற்கும் தாங்காது. மற்றது சாக்கடைக்குத்தான். பாதாளச் சாக்கடையில் இறங்கி, உக்கடம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அழுகல் தீர்ந்து, உப்பு தீராமல், நொய்யலில் சேரும். அவர் மனக்கணக்குக்காரர். இருபது லிட்டர், லிட்டருக்கு 35 கிராம், வாரம் 700 கிராம். "வருசத்துக்கு முப்பத்தாறு கிலோங்க. எங்களோட ஒரு பேட்ச்சுக்குக்கூட ஆகாது, ஆனாலும் கணக்குன்னா கணக்குத்தானுங்க."

அதைக் குறைக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது, அது அடியில் இல்லை, மேலே இருக்கிறது. போடுகிற தீனி பாதியானால் சேர்கிற நைட்ரேட் பாதியாகும். மாற்ற வேண்டிய தண்ணீரும், கொட்டுகிற உப்பும் பாதியாகும். மீனைக் கடையில் கண்டவுடன் வாங்காமல் இருந்தால் இன்னும் குறையும். இருநூறு லிட்டரில் இரண்டு கோமாளியும் ஒரு கோபியும் போதும். நீலச் சர்ஜன் மீன் ஒன்று வேண்டும் என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது பெரிதாக வளரும், நாள் முழுக்கத் தின்னும், தின்றதற்கு ஏற்பக் கழியும். உறைந்த இறாலைப் போடும்போது அந்த உருகிய தண்ணீரை வடித்துவிட்டுப் போடலாம். பட்டினி போட்டால் மீன் செத்துவிடும் என்ற பயம் நம் ஊர் உபசாரத்திலிருந்து வருவது: தட்டு காலியாக இருந்தால் பரிமாறியே தீர வேண்டும். மீன் எந்நேரமும் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறக்கும். அதற்குப் பசி என்று அர்த்தமில்லை, கை தெரிகிறது என்று அர்த்தம்.

"எங்க தொழில்லயும் அதேதானுங்க," என்றார் நண்பர். உப்புக் கம்மியாகக் கேட்கும் சாயங்கள் வந்திருக்கின்றனவாம், கொஞ்சம் விலை கூட. கறுப்புக்குப் பதில் வெளிர்நிறம் கேட்டால் உப்பு இன்னும் குறையும். "பார்ட்டிக்காரங்க ஒத்துக்கோணுமுங்களே."